நெம்மேலியில் நிற்கும் புள்ளி

கல்யாண நாளுக்கு சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக என் கணவர் ஜெபக்குமார் சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. இப்படி ஒன்று இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் யோசித்தேன். என் சைக்கிளுக்குக் காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்றுகூட அறியாதவர், மாடல் பெயர் வரை சொன்னார். ஹேண்டில்பாரில் மாட்டினால் வேகம், தூரம், எந்த கியரில் போகிறேன் எல்லாம் காட்டுமாம். நான் போகும் இடத்தை அவருடைய போனில் ஒரு புள்ளியாகவும் காட்டுமாம்.

"ஈசிஆர்ல லாரி போற வேகத்தப் பாத்தா பயமா இருக்கு பிரிசில்லா. அதுக்குத்தான்," என்றார்.

இரண்டு வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறேன். லாரி இப்போதுதான் வந்ததா?

சனிக்கிழமை காலைகளில் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வந்து, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பி, மகாபலிபுரம் வரை போய்வருவேன். வீட்டில் இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் மார்ச்சிலிருந்து நெம்மேலியோடு நின்றுவிடுகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் ஒரு படகின் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் செங்கம்மாள் என்ற மீனவப் பெண் மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். அவள் என் பெயரைக் கேட்டதில்லை. ஆபீசிலும் வீட்டிலும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே யாரும் கேட்பதில்லை. அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சைக்கிள் கடை உலகநாதன் என் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தார். என்னுடையது எலக்ட்ரானிக் கியர். பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன மோட்டார் செயினை மாற்றும்.

"ஒரு கம்பெனி கியர் பேசறது இன்னொரு கம்பெனி டப்பாவுக்குப் புரியாது மேடம். டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கணும்," என்றார்.

இரண்டு இருந்தன. சின்னது வேகமும் தூரமும் மட்டும் காட்டும். கியரையும் படிக்காது, என்னையும் யாருக்கும் காட்டாது. பெரியது ஜெபக்குமார் சொன்னது. உலகநாதன் அதை என் சைக்கிளோடு இணைத்துப் பட்டனை அழுத்தினார். திரையில் ஐந்து ஆறாயிற்று, ஆறு ஏழாயிற்று. எந்த இடத்தில் எந்த கியரில் போனேன் என்று பிறகு போனிலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது பொருந்தாமல் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அங்கிருந்தே ஜெபக்குமாருக்குப் போன் செய்தேன்.

"நீங்க சொன்னது என் கியரோட கனெக்ட் ஆகலியாம். சின்னதே போதும்."

"ஆகும்," என்றார். "நேத்தே கடைக்காரர்கிட்ட கேட்டேன்."

உலகநாதன் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு டயரைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜெபக்குமார் குரலை உயர்த்தவில்லை. "மூணு வாரத்துக்கு முன்னாடி பஞ்சர் ஒட்டற கிட்டை வீட்லயே மறந்துட்டுப் போன. பைக்ல எடுத்துக்கினு மகாபலிபுரம் வந்தேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒம்பது மணி வரைக்கும் நின்னேன்."

அன்று எனக்குப் பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்தார். மகாபலிபுரத்தில் ஒரே கூட்டம் என்று நான் சொன்னேன். எத்தனை இட்லி வேண்டும் என்று மட்டும் கேட்டார். மறுநாள் பஞ்சர் கிட் சீட்டுக்கு அடியில் இருந்த பையில் கிடந்தது. நானே வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் என் எதிரில் சாப்பிட்டு, என் பக்கத்தில் தூங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. "பெரிசையே வாங்கு," என்று போனை வைத்துவிட்டார்.

வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை மண்பாதையின் முடிவில் இறங்கியதும் திரையில் ஓடிய எண்கள் தானாக நின்றன. செங்கம்மாள் கையிலிருந்த மீனோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது?"

"நான் எங்க இருக்கேன்னு வீட்ல காட்டும்க்கா."

"காட்டட்டுமே. இங்கதான கீற."

வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு, நகராத புள்ளியை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் படகு நிழலை விட்டு வெயிலில் போய் உட்கார்ந்தேன். புள்ளிக்கு வெயிலும் தெரியாது, நிழலும் தெரியாது. இருந்தும் ஒளிக்க ஒன்றுமில்லாதவள் எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்திருந்தேன். பதினோரு நிமிஷத்தில் எழுந்துவிட்டேன்.

கதவைத் திறந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் ஏன் சீக்கிரம் வந்துட்ட?"

"காத்து பின்னாலேருந்து அடிச்சுது."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். திரும்பிய வழி முழுக்க, எதிர்காற்றில் திணறுபவள் போடும் லேசான கியரில்தான் வந்திருக்கிறேன். வரிசையாகச் சின்னச் சின்ன எண்கள். கருவி என் கியரோடு நன்றாகவே பொருந்தியிருந்தது.

"நெம்மேலில எப்பவும் அரை மணி உக்காருவேன்," என்றேன். "நீங்க பாக்கறீங்கன்னு இன்னிக்கு முடியல."

"யார்கூட?"

"யாரும் இல்ல. சும்மா."

அவர் நம்பவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்த 'சும்மா'வை நான் சொன்ன விதம் எனக்கே பொய்யாகத்தான் கேட்டது.