பௌலிங் கொண்டுவந்தவர்

மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு பத்மநாதன் மூக்கை உறிஞ்சினார். "தம்பியும் நானும் சேர்ந்துதான் எங்கட பள்ளிக்கூடத்துக்கு பௌலிங்கைக் கொண்டுவந்தனாங்கள். அதுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை."

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயகௌரி நிமிர்ந்து பார்த்தாள். மாரடைப்பில் போய்ப் பெட்டிக்குள் கிடந்தவர் அவள் புருசன் யோகலிங்கம். மைக்கோடு நின்றவர் அவருடைய தமையன். கோலியர்ஸ் வுட்டில் எடுத்திருந்த மண்டபம் நிறையச் சனம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வாய் கூசாமல் இப்படிப் பொய் சொல்ல இந்த மனிதர் எங்கே பழகினாரோ!

மகள் கௌசிக்குச் சின்ன வயதிலிருந்தே முழங்கால் சரியில்லை. எந்த விளையாட்டென்றாலும் அவளுக்குக் கிடைத்தது ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்ப்பதுதான். பௌலிங் கூடமொன்றில் நடந்த பிறந்தநாள் விருந்தில் அவள் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளையும் ஒரேயடியாக விழுத்தினாள். அன்று பிடித்தது யோகலிங்கத்துக்குப் பைத்தியம். மோர்டனில் அவள் படித்த பள்ளிக்கூடம் பௌலிங்குக்கு ஓர் அணி அமைக்க வேண்டும். வாங்கில் இருக்கிற பிள்ளைகளும் பள்ளிக்கூடச் சட்டை போட்டுப் போட்டிக்குப் போக வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்த கையோடு அதிபரின் வாசலில் போய் நிற்பார்.

முட்டுக்கட்டை போட்டவர் வேறு யாருமில்லை, பள்ளிக்கூட நிர்வாகசபையில் இருந்த பத்மநாதன்தான். "கட்டை விழுத்துறதும் ஒரு விளையாட்டே? வெள்ளைக்காரருக்கு முன்னால என்ரை மானத்தை வாங்காதை," என்று சாப்பாட்டு மேசையிலேயே தம்பியைக் கிழித்தார். சபையிலும் எதிராகக் கை உயர்த்தினார். அவரையும் மீறி பௌலிங் வந்தபோது கௌசி படிப்பு முடிந்து பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டாள். யோகலிங்கம் சலிக்காமல் ஊரார் பிள்ளைகளைப் பழக்கினார். முதல் கோப்பை வந்த அன்று படத்தில் நடுவில் நின்றவர் பத்மநாதன்.

பேச்சு முடிந்தது. தமிழில் ஒரு சொல்லும் விளங்காத வெள்ளைக்கார அதிபர் எழுந்து வந்து பத்மநாதனின் கையைக் குலுக்கினார்.

"அம்மா, பெரியப்பா சொன்னது முழுக்கப் பொய்," என்றாள் கௌசி.

"தெரியும்."

வாய்க்கரிசி போட ஐயர் கூப்பிட்டார். முதல் ஆளாகப் பத்மநாதன் அரிசியை அள்ளிக்கொண்டு வந்தார். ஜெயகௌரி எழுந்தாள்.

"அத்தான், நீங்கள் வேண்டாமெண்டு கை உயர்த்தினதையும் மைக்கில சொல்லிப்போட்டு வந்து போடுங்கோ."

"உனக்கென்ன விசரே? செத்தவீட்டில கதைக்கிற கதையே இது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆர் கொண்டுவந்தா என்ன பிள்ளை, வந்ததுதானே?"

இந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்ல அவள் புருசனுக்கு இருந்தது அது ஒன்றுதான். பெட்டி மூடுவதற்கு முன்பே அதையும் பறிக்க வேண்டுமா?

பத்மநாதன் குனிந்தார். ஜெயகௌரி கையை நீட்டிப் புருசனின் வாயைப் பொத்தினாள். உதடுகள் சில்லென்று இருந்தன.

"கையை எடு. சனம் பாக்குது."

அவள் எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பத்மநாதன் தன் விரல்களைத் திறந்துவிட்டார். அரிசி அவள் புறங்கையில் விழுந்து சிதறியது.