காளீஸ்வரி பெயரில் ஓடிய சர்வர்

“நூத்துக்கு நூறும் உன் பேர்லதான் ஓடியிருக்கு. அப்படி என்ன சோலி பாக்குற நீ?”

“எனக்கு இருக்கிறது ரெண்டு கைதாண்ணே!”

முதலாளி சர்ஃபராஸ் கத்த, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் காளீஸ்வரி அதற்கு மேல் கத்தினாள். போடியில் ஏலக்காய்க் கடை என்றால் சத்தம் சகஜம். கம்ப்யூட்டருக்காகச் சத்தம் போடுவது தெருவுக்குப் புதுசு. எதிர்த்த கடை டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

சங்கதி இதுதான். ஒரு மாதமாக, காய் ஏலம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து கடையின் சர்வர் திணறியது. அதை அமைத்துத் தந்த ஈஸ்வர் வந்து, யார் எந்த வேலைக்கு எவ்வளவு இழுக்கிறார்கள் என்று மிஷினே குறித்துவைக்கும் ஏற்பாட்டை ஓடவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வரிக்கு வரி காளீஸ்வரி. வெளியாட்களுக்கு வேலை செய்து கொடுக்கிறாள் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டான். சிலமலையிலிருந்து பஸ் ஏறி வந்து, தம்பியைப் படிக்கவைப்பவள் அவள். வேலை போனால் அவன் படிப்பும் போச்சு.

“வெள்ளிக்கிழம நான் வீரபாண்டியில தீச்சட்டி எடுத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கும் என் பேர்ல ஓடியிருக்கே, மாரியாத்தாவா வந்து டைப் அடிச்சா?”

டீக்கடையில் சிரிப்பு.

சர்ஃபராஸின் அத்தா, பெரிய முதலாளி பக்கீர் முகம்மது காலத்தில் கம்ப்யூட்டருக்கு அவள் ஒருத்திதான். அவள் பெயரில் ஒரே லாகின். பின்னால் அனுப்பிரியா வந்தாள், திரைகள் மூன்றாயின. காலையில் முதலில் வருகிறவர் எல்லாத் திரையையும் காளீஸ்வரி பெயரிலேயே திறந்துவிடுவார், கடைக்கு லைட் போடுவதுபோல. தனிப் பெயர் வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணக்கைப் பார்க்க மறுபடி வந்திருந்த ஈஸ்வர் குறுக்கே புகுந்தான். “அண்ணே, இது பேர மட்டும் குறிக்கல. எந்தத் திரைன்னும் குறிச்சிருக்கு.”

அடுத்த கட்டத்தில் விரலை வைத்தான். தேடல், தேடல், தேடல். எல்லாம் உள் அறைத் திரை. அங்கே உட்காருகிற ஒரே ஆள் சர்ஃபராஸ்.

என்ன தேடியிருப்பான் என்று காளீஸ்வரிக்குச் சட்டென்று புரிந்தது. பெரியவர் ஒவ்வொரு எஸ்டேட்டுக் காயையும் கடித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். அவர் சொன்னதைச் சொன்னபடியே பட்டியலில் அடித்துவைப்பது அவள் வேலை. ‘கல்யாண வீட்டு வாசம்.’ ‘பெருமைக்காரக் காய், உள்ள ஒண்ணுமில்ல.’ போன ரம்ஜானோடு அவர் போய்ச் சேர்ந்தார். ஏழு வருஷப் பட்டியலையும் மகன் தினமும் புரட்டிப் புரட்டி சர்வரை மூச்சுமுட்ட வைத்திருக்கிறான்.

“அத்தா என்ன சொன்னாருன்னு பாக்காம, ஏலத்துல பட்டன அமுக்க வெரல் வரமாட்டேங்குது,” என்றான், திரையைப் பார்த்தபடி.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, முதலாளி வர்க்கம். சாயங்காலம் உள்ளே கூப்பிட்டு, “இத எப்படிம்மா சொல்வாரு? கோவமாவா, சிரிச்சுக்கிட்டா?” என்று மட்டும் கேட்டான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்.

ஆளுக்கொரு லாகின் ஆனது. ஈஸ்வரையும் காளீஸ்வரியையும் தெருவே ஜோடி சேர்த்து வைத்திருந்தது; அவனோ தேவாரம் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டான். தம்பி படிப்பு முடிந்ததும் அவள் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாரீஸ்வரனைக் கட்டி, கேரளத்து நெடுங்கண்டம் பக்கம் மலையேறினாள். மழை விட்ட நேரங்களில் எஸ்டேட்டுக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று, போனில் யாருக்கோ வயசான ஓர் ஆணின் குரலில் பேசிக்காட்டுகிறாளாம். மாரீஸ்வரன் கீழே அவள் செருப்பையும் குடையையும் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறானாம்.