ஷேக் பரீதுக்கு முன்னால் நடந்த முதுகு

2023-ஆம் வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், கோயமுத்தூர் மேட்டுத் தெருவில் ஆளுக்கொரு முதுகு வந்து சேர்ந்தது. அந்த வாரம் தக்காளி கிலோ நூறு ரூபாய். வீட்டை விட்டு இறங்கினால் மூன்றடி முன்னால், அவரவர் மனதில் யாரைப் பெரிய ஆளாக வைத்திருக்கிறாரோ அவருடைய முதுகு நடந்தது. உயிரோடிருப்பவர், மண்ணுக்குள் போனவர் என்ற பேதமில்லை. எந்த முதுகும் திரும்பவில்லை, பேசவில்லை, ஆனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. லேத் ஓட்டுகிற ரசாக்குக்கு முன்னால், போலீசிடம் அடிபட்டும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காத ஒரு மில் தொழிலாளி நடந்தார். சிங்காநல்லூர் பஸ் கண்டக்டர்கள் முதுகுகளுக்கு டிக்கெட் கேட்டுப் பார்த்து இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, “கும்பிட்டாத்தானுங்க குத்தம். பின்னால நடக்கறதுல என்ன இருக்குது?” என்றார்.

ஜமாத் தலைவர் ஷேக் பரீதுக்கு முன்னால் மட்டும் வெறும் தெரு. பழைய இரும்பு வியாபாரி, ஒன்பது வருஷமாகத் தலைவர். யாரைப் பற்றி நல்லதாகச் சொன்னாலும் அவரிடம் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் விடமாட்டார். “எனக்கு முன்னால நடக்கறதுக்கு எவனுக்கு யோக்கியதை இருக்குது?” என்று முதல் வாரம் பெருமையாகக் கேட்டார். இரண்டாவது வாரம் ஒரு ஜனாஸா ஊர்வலத்தில், பிணம் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்துக்கு அவர் தோள் கொடுத்தபோது, பின்பக்கம் பிடித்தவர்கள் நகரவில்லை.

“தலைவரே, உங்களுக்கே வழிகாட்ட ஆளில்லீங்க. உங்களை நம்பி வந்தா மையித்தைக் குப்பைக்கிடங்குல இறக்கிப்போடுவீங்க” என்றார் ரசாக், ரொம்ப மரியாதையாக.

அடுத்த மாதம் நிர்வாகத் தேர்தல். எதிர்த்து நின்றவர் தையல்காரர் பீர் முகம்மது. கொரோனாவில் செத்து, யாரும் தொடாத நாற்பத்தேழு பேரை, எந்த மதமென்று பார்க்காமல், அவரவர் முறைப்படி மண்ணிலும் தீயிலும் சேர்த்தவர். நோயைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று அவரைப் பள்ளிவாசலுக்குள் விடாமல் வைத்தவர் பரீத். அதிலிருந்து இருவருக்கும் சலாம் இல்லை. அந்த ஆளிடம் தோற்றால் தெருவில் தலை காட்ட முடியாது என்று பரீத் தூக்கம் கெட்டார்.

பல்லடத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு ராஜா வேஷம் கட்டும் ஒருவரை, முதுகின் அகலம் பார்த்து அமர்த்தினார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அந்த முதுகு கம்பீரமாக முன்னால் போனது. மூன்றாவது கரண்ட் கம்பத்தில் திரும்பி நின்று, “ஏனுங்க பாய், இன்னும் எவ்வளவு தூரமுங்க? ஷூ கடிக்குதுங்க” என்றது. தெரு மூன்று நாள் சிரித்தது.

பரீதின் மனைவி ரம்லா சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அவள் படிப்புக்காக வீடு தேடி வந்து சண்டை போட்ட டீச்சரின் முதுகு அவளுக்கு முன்னால் வீட்டுக்குள்ளும் விடாமல் அடுப்படி வரைக்கும் நடந்தது.

“ஒருத்தரை நல்லவர்னு சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும்? கொரோனாவுல மாடி ஜன்னல்ல நின்னு பீர் முகம்மது அண்ணனைத் தினமும் பார்த்தீங்களே, அப்ப என்ன நெனச்சீங்க?”

“அது நம்மளால ஆகாதுன்னு நெனச்சேன்” என்றார் பரீத்.

மறுநாள் அசர் தொழுகைக்குப் படியிறங்கினால் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட முதுகு, இடது தோள் தாழ்ந்து நின்றது. பரீத் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீசினார். தண்ணீர் அதற்குள் புகுந்து போய்க் கீரை வண்டியை நனைத்தது. எதிர்க்கடையிலிருந்து பீர் முகம்மது கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார்.

“என்ற முதுகை எதுக்குங்க எடுத்துட்டுப் போறீங்க? ஓட்டுக் கேக்கவா?”

“நானா கூப்பிட்டேன்? புடிச்சுட்டுப் போய்த் தொலைங்க!”

பீர் முகம்மது பிடித்துப் பார்த்தார். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

முதுகு பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை நின்று, பிறகு நேராகக் கபரஸ்தானுக்குப் போனது, பரீதும் பின்னால் போனார். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, கேட்க நாதியில்லாத ஒருவரின் மையித் காத்திருந்தது. குழிக்குள் நின்று வாங்க ஒரு ஆள் குறைந்தது. முதுகு குழிக்குள் இறங்கியது. ஒன்பது வருஷமாக மேலே நின்று உத்தரவு போட்டே பழகிய பரீத், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பீர் முகம்மதுவை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டி இறங்கினார். ஏறி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. ரசாக்தான் கை கொடுத்தார்.

பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் பரீத் ஜெயித்தார். “என்ற முதுகு ஜெயிச்சுது, நான் தோத்துப்போனேன்” என்று பீர் முகம்மது இன்றைக்கும் தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இருவருக்கும் இப்போதும் சலாம் இல்லை. ஜனாஸா புறப்பட்டால் முதலில் அந்த முதுகு, அடுத்து பரீத், அவருக்குப் பின்னால் மேட்டுத் தெரு. கடைசியாகக் கடையைச் சாத்திவிட்டு வரும் பீர் முகம்மது, மூச்சு வாங்க, தன் முதுகை எட்டிப் பிடிக்க முடியாமல் வேகமாக நடக்கிறார்.