கைப்பிடி இல்லாத இடம்

தையல்காரி குனிந்து ஸ்கேட்டிங் ஷூவின் நாடாவை மறுபடியும் அவிழ்த்தாள். எந்தத் துணி எந்த இடத்தில் பிடிக்கும் என்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிறவளுக்கு இந்த ஷூ மட்டும் பிடிபடவே இல்லை. பக்கத்தில், கணவனின் மகள் எப்போதோ கட்டி முடித்துவிட்டுப் பனித்தளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து வயது.

"நான் தெச்ச பேண்ட்டைப் போட்டுக்கலையா? முட்டியில பஞ்சு வெச்சிருக்கேன்."

"அதைப் போட்டா யானைக்குட்டி மாதிரி இருக்கு."

"யானை விழுந்தா அதுக்கு வலிக்காது. தரைக்குத்தான் வலிக்கும்."

சிறுமியின் சிரிப்பு உதடுவரை வந்து திரும்பிப் போனது. கல்யாணமாகி ஐந்து மாதமாக இப்படித்தான். அம்மா என்றோ சித்தி என்றோ எதுவும் கிடையாது, மொட்டையாகத்தான் பேச்சு. "ரெண்டு பேருக்கும் தெரியாத விஷயமா இருக்கட்டும். அப்பத்தான் யாருக்கும் யாரும் பெரியவங்களா இருக்க முடியாது" என்று இருவரையும் இந்த ஆரம்ப வகுப்பில் சேர்த்துவிட்ட கணவன், வியாழக்கிழமை கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான். இனி எட்டு மாதம் கழித்துத்தான் வருவான்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவனுடைய அக்கா நின்றிருந்தாள். அவள் காரின் டிக்கியில் சிறுமியின் பெட்டி இருந்தது. "வகுப்பு முடியட்டும், அவளே சொல்லட்டும். என்கூட வர்றாளா, உன்கூட இருக்காளா. நீ மனசுல எதுவும் வெச்சுக்காதேம்மா" என்று காலையில் சொல்லியிருந்தாள். அதில் துளி விஷமும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தளத்துக்குள் டிரெயினர் கைதட்டினார்.

"இன்னிக்குக் கைப்பிடியை விடறோம். ஜோடி ஜோடியா எதிர்ப்பக்கம் போகணும். விழுந்தா விழுங்க, பரவாயில்ல. ஆனா விழுந்ததும் விரலை மடக்கிக்குங்க. பின்னால வர்றவங்க காலுக்குக் கீழ இருக்கறது கத்தி!"

தையல்காரி கையை நீட்டினாள். சிறுமி அதைப் பார்த்தாள்.

"நான் தனியாவே போறேன்."

போயும்விட்டாள். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, நன்றாகத்தான் போனாள். பின்னாலேயே தையல்காரியும் கைப்பிடியை விட்டாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு முதுகில் ஊசியாக ஏறியது. தான் விழுந்தாலும் பரவாயில்லை, பிள்ளை கண்ணெதிரே இருந்தால் போதும் என்று சிறுமியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு நகர்ந்தாள்.

நடுத்தளத்தில் சிறுமியின் கால் ஒன்று வெளிப்பக்கமாக விலகியது. மல்லாந்து விழுந்தவள் அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டே போனாள்.

வெட்டுமேசையில் பட்டுத்துணி நழுவும்போது தையல்காரியின் கை யோசிக்காது. உள்ளங்கையை விரித்து அப்படியே அழுத்திவிடும். இப்போதும் அதைத்தான் செய்தது. தான் குப்புற விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பாய்ந்து சிறுமியின் ஜாக்கெட் ஓரத்தைப் பனியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன. அடுத்த ஜோடி நிற்கத் தெரியாமல் நேராக வந்துகொண்டிருந்தது.

"விரலை மடக்குங்க! மடக்குங்கன்னா!"

கத்தியது சிறுமிதான். கத்தியபடியே அந்தக் கையைப் பிடித்து வெடுக்கென்று தன் வயிற்றோடு இழுத்துக்கொண்டாள். ஷூவின் கத்தி சரக்கென்று கடந்து போனது. கை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" சிறுமி பிடித்த கையை விடவில்லை. "விரல் போயிருந்தா எப்படித் தைப்பீங்க? எங்கப்பா வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

தையல்காரி ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

தளத்தின் கதவு திறந்தது. கையில் சிறுமியின் கோட்டோடு அத்தை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"போதும் கண்ணு. வந்துடு."

சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி போட்டு, ஒரு காலை ஊன்றி எழுந்து, தள்ளாடி நின்றாள்.

"இன்னும் வகுப்பு முடியல அத்தை."

பிறகு குனிந்து, தையல்காரியின் முழங்கையைத் தூக்கினாள். எழுந்ததும் இரண்டு பேருக்கும் கால் ஆடியது. ஒருவர் சட்டையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டாத தூரத்தில் இருந்தது. முதலில் யார் காலை நகர்த்துவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். இருவர் வாயிலிருந்தும் வந்த வெண்புகை நடுவில் கலந்து, கலைந்து, மறுபடியும் கலந்துகொண்டிருந்தது.