துடைத்தெடுத்த பச்சை

பாத்திரக் கடையில் பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு வியாதி. ஆள் வருகிறது என்றால் போதும், கை துணியைத் தேடும். அலங்கார மீன் கடை வைத்த பிறகும் அது விட்டபாடில்லை. தெருவே அவரைப் ‘பளபளா’ என்றுதான் கூப்பிட்டது.

அன்று வரப்போவது வாடிக்கையாளர் இல்லை, மனைவி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து வீடு திரும்புகிறாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “என் அஞ்சாலைய மட்டும் உசுரோட வச்சிருங்க.”

அஞ்சாலை என்றால் பவளப்பாறை இடுக்கில் ஒளிந்து வாழும் விலாங்கு. பிள்ளையில்லாத வீட்டில் ஏழு வருடம் அவள் கையால் இறால் தின்று வளர்ந்தது. அவர் தொடைப் பருமன், தளிர்ப் பச்சை. செதில் என்ற பேச்சே இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒரே துடுப்பு, துணிக்குக் கரை தைத்தாற்போல. வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருகிறதென்று பார்ப்பவர்கள் பின்வாங்குவார்கள். பாவம், அது மூச்சுத்தான் விடும்.

தொட்டியைக் கழுவுவதற்காக அதை அண்டாவுக்கு மாற்றியபோது, கையுறையில் மஞ்சளாக ஏதோ கொழகொழவென்று ஒட்டியது. மூன்று வார அழுக்கு என்று முடிவுகட்டினார். துணியால் ஒரு தேய். பச்சை போய் அடியில் மங்கிய கருநீலம் தெரிந்தது. களிம்பேறிய பித்தளையைப் பாதியில் விட்டால்தான் அசிங்கம், விடாமல் தேய்த்தால் மின்னும். அதே கணக்கில் வால்வரை தேய்த்து முடித்தார்.

அக்காவைப் பார்க்க வந்திருந்த கொழுந்தியாள் உள்ளே நுழைந்ததும் அலறினாள். “ஐயோ மாமா! இது என்ன சொம்பா, தேச்சுக் கவுக்க?”

“அழுக்கும்மா. மஞ்சளா வழிஞ்சுது.”

“அழுக்கா? அந்த மஞ்சக் கொழகொழப்பும் நீலத் தோலும் சேந்துதான் பச்சையே! சட்டையும் அதான், மருந்தும் அதான். உரிச்சுட்டு நிக்கறீங்களே!”

வாசலில் கார் நின்றது. மனைவி வயிற்றைப் பிடித்தபடி வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க பண்ணீங்க இத?”

ஓட்டைக் குடத்தையும் பேசியே விற்றவர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “நீ வர்றேன்னுதான்...”

மூன்றாம் நாள் அதன் உடம்பெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. ஐந்தாம் நாள் வாய் திறந்தது, மூடவில்லை.

அன்று சாயங்காலம், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி மனைவியின் இன்னும் ஆறாத தையலைத் துடைக்க வெந்நீரும் பஞ்சுமாகப் போனார். நாலு நாளாகச் செய்வதுதான். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“நீங்க வேணாங்க. தங்கச்சிய வரச் சொல்லுங்க.”