கயிற்றின் ஓரம்

ஞாயிறு பூசை முடிந்து வந்தவன் காற்சட்டையைக் கூட மாற்றவில்லை. றிக்சன் நேரே ரீவிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டான். குசினியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மனைவி டிலக்ஷி கூப்பிட்ட போதெல்லாம் "ஓம், வாறன்" என்றான். வரவில்லை.

கொம்பியூட்டரோடு பொருத்திய ரீவித் திரையில், ஒரு கேமின் பாய்க்கப்பல் நின்றது. கொன்சோலுக்கென்று செய்த கேமை இந்த வருடம்தான் கொம்பியூட்டருக்கு மாற்றி விட்டிருந்தார்கள். அவசரத்தில் மாற்றிக் கெடுத்துவிட்டார்கள், படம் முழுக்க ஒரே மங்கல் என்று இணையத்தில் ஊர் உலகமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டுகளை வாசிக்க வாசிக்க றிக்சனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவனுக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. பாய்மரத்திலிருந்து இறங்கும் கயிறுகள் ஒன்றோடொன்று கரைந்து புகை மாதிரி நின்றன. மங்கல் கேமில்தான் என்றால் அவன் தப்பினான். கேமில் இல்லையென்றால்?

அதை அவன் யோசிக்க விரும்பவில்லை. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

றிக்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மேலே ஏறிக் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டால் திருக்கோணமலைக் குடாக்கடல் முழுக்கத் தனக்கு எழுதி வைத்தது என்றுதான் அவனுக்கு எண்ணம். போன கிழமை இரும்புக் கம்பிக் கட்டொன்றை இறக்கும்போது, கீழே நின்று கையால் சைகை காட்டும் ஸெய்னுதீன் நானா 'நிறுத்து' என்று கையைத் தூக்கியது அவனுக்குத் தெரியவில்லை. கட்டு இறங்கிக்கொண்டே போனது. நானா பக்கவாட்டில் பாய்ந்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தார். சிரித்தாரா, முறைத்தாரா என்பதும் அங்கிருந்து தெரியவில்லை. சிரித்தார் என்று றிக்சன் வைத்துக்கொண்டான்.

நானா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. றிக்சனும் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் வேலை செய்யும் தனியார் இறங்குதுறையில், கண் மங்கினவனுக்கு வைத்தியம் பார்த்து மறுபடி மேலே ஏற்றிய வழக்கமே கிடையாது. இறக்கினால் இறக்கினதுதான். அவனுக்கு முந்தி ஓட்டின பாக்கியரத்தினம் அண்ணர் இப்போது களஞ்சியத்தில் சாக்குக்கு வாய் கட்டுகிறார். நாளைக்குத் திங்கட்கிழமை. இரும்பு ஏற்றிய கப்பல் ஒன்று வருகிறது. அதற்குள் தன் கண்ணில் குற்றமில்லை என்று றிக்சனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சுவரில் தேவாலயக் கலண்டர் ஒன்று தொங்கியது. கதிரையில் இருந்தபடி அதில் திகதியை வாசித்துப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். மனுஷன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கலண்டரில் மாற்றிப் பார்க்கச் செற்றிங்ஸ் இல்லையே!

கேமில் இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது. கப்பல் அசையும்போது வரும் மங்கலை நிறுத்தினான். தூரப் பொருட்களை வேண்டுமென்றே மங்கலாக்கும் ஒன்றையும் நிறுத்தினான். கூர்மையைக் கடைசி மட்டும் கூட்டினான். எழுத்துகள் சின்னதாக இருந்தபடியால் ஒவ்வொன்றுக்கும் எழும்பிப் போய் ரீவிக்குக் கிட்டக் குந்த வேண்டியிருந்தது. எழுத்தைக் கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன்கள் என்று அதற்கும் கேம் செய்தவர்களைத்தான் திட்டினான். மாற்றிவிட்டுக் கதிரைக்கு ஓடி வருவான், பார்ப்பான், உதட்டைக் கடிப்பான், திரும்பப் போவான். கதிரைக்கும் ரீவிக்கும் இடையில் நடந்த நடையில் பாலையூற்று வீட்டிலிருந்து துறைமுகத்துக்கே போய் வந்திருக்கலாம்.

கடைசியில் பஹ்மிக்கு அழைத்தான். டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன் பஹ்மி. இந்தக் கேமைப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

"மச்சான், எல்லாத்தையும் மாத்திப் பாத்திட்டன். கயிறு தெளியுதில்ல."

"அன்ரி-எலியாசிங் எதில கிடக்கு?" என்றான் பஹ்மி.

"அதெண்டா என்னடா?"

"படம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரம்தானே. அதால சரிவா இருக்கிற கோடெல்லாம் ஓரத்தில படி படியாத் தெரியும், வாள்ப்பல்லு மாதிரி. அந்தப் பல்லை மழுக்கிறதுக்குத்தான் அது. இந்தக் கேம்ல அது பல்லை மட்டுமில்ல, எல்லாத்தையும் சேத்துப் பூசி மெழுகுது. முழுசா ஓஃப் பண்ணுங்க."

"ஓஃப் பண்ணினா?"

"கயிறெல்லாம் பல்லுப் பல்லா நிக்கும். பாக்க அசிங்கம். ஆனா மங்கல் இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

றிக்சன் போனை வைத்தான். அவனுக்கு அழகு வேண்டியதில்லை, பல்லுத்தான் வேண்டும். வாள்ப்பல் தெரிந்தால் கண் நல்ல கண். ரீவிக்குக் கிட்டப் போய் அன்ரி-எலியாசிங்கை ஓஃப் பண்ணினான். கேமை மூடித் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தான். படம் வருமுன்பே கதிரைக்கு வந்து கொன்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கப்பல் வந்தது. கயிறுகள் வந்தன. பல்லும் இல்லை, படியும் இல்லை. முந்தி மாதிரியே மழமழவென்று, முந்தி மாதிரியே புகையாக நின்றன.

முதலில் பகீரென்றது. அடுத்த கணம் அவன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஓஃப் பண்ணியும் பல் வரவில்லையென்றால், ஓஃப் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்! செற்றிங்கே வேலை செய்யவில்லை. கேம்தான் பழுது. இணையத்தில் திட்டினவன்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

"டிலக்ஷி! சோத்தைப் போடும்! நல்லாப் பசிக்குது!" என்று கத்தினான். போன கிழமையிலிருந்து அவனை இறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. நாளைக்குக் கூண்டில் ஏறி உட்காருவதை நினைத்துப் பார்த்தான். விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. வாய் நிறையக் கேமைத் திட்டினான். சந்தோஷத்தில் திட்டினான்.

டிலக்ஷி கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, அவனுடைய கதிரைக்குப் பின்னால் நின்றாள். ரீவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதென்னப்பா, கொஞ்சம் முந்தி வடிவாத்தானே இருந்தது. எதையோ நோண்டிப் பழுதாக்கிப் போட்டீங்கள்."

"எதை?"

"கயிறெல்லாம் பூச்சி அரிச்ச மாதிரிக் கிடக்கு. ஓரம் முழுக்க நறுக்கு நறுக்கா. உங்களுக்குக் கண்ணைக் குத்தேல்லையோ?"

அவன் கோப்பையை வாங்கவில்லை. எழுந்து ரீவியை நோக்கி நடந்தான். இரண்டெட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவது எட்டிலும் ஒன்றுமில்லை. மூக்கு திரையில் முட்டுகிற தூரத்தில், ஒவ்வொரு கயிற்றிலும் பல் இருந்தது. அசிங்கமாக, அழகாக, பஹ்மி சொன்ன மாதிரியே இருந்தது. பின்னால் வந்தான். கரைந்தது. மறுபடி போனான், இருந்தது. வந்தான், கரைந்தது. கேம் ஒழுங்காகத்தான் ஓஃப் ஆகியிருந்தது. கயிற்றைப் பூசி மெழுகியது அவனுடைய கண்.

கொன்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிந்தான். முற்றத்துக்குப் போனான். கிணற்றடி வரை நடந்தான், திரும்பி வந்தான், கேற்றைத் திறந்தான், மூடினான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உள்ளே வந்தபோது டிலக்ஷி ரீவியை நிறுத்தியிருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"தெரியாது. கொஞ்ச நாளா."

"அப்ப நாளைக்கு?"

"ஒரு கப்பல்தானே. மெல்ல மெல்ல இறக்கினாச் சரி. பிறகு லீவு போட்டுக் கண்ணைக் காட்டுறன்."

டிலக்ஷி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வையைத் தாங்க மாட்டாமல் அவன் போனை எடுத்து ஸெய்னுதீன் நானாவுக்கு அழைத்தான். நாளைக்குக் கொஞ்சம் கவனமாக நிற்கச் சொன்னால் போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

"நானா, நாளைக்கு இரும்பு இறக்கேக்க கொக்கியில இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. என்ன?"

கிண்ணியாவில் நானாவின் வீட்டில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். சத்தம் குறைந்தது.

"தம்பி, நான் கன நாளாத் தள்ளித்தான் நிக்கிறன்" என்றார் நானா. "கையையும் மற்றவங்களை விட உயத்தித்தான் காட்டுறன். உங்கட பிழைப்புப் போயிரும் எண்டுதான் வாய் திறக்கல்ல."

றிக்சன் கூண்டில் ராசா மாதிரி இருந்த நாட்களிலெல்லாம் அந்த மனுஷன் கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முகமெல்லாம் எரிந்தது.

"ஆனா தம்பி, நாளைக்குக் கொக்கி மாட்டப் புதுசா ரெண்டு பேர் வாறாங்க. தோப்பூர்ப் பக்கத்து ஆக்கள். அவங்களுக்கு இதொண்டும் தெரியாது. கொக்கிக்குக் கிட்டத்தான் நிப்பாங்க. தள்ளி நில்லுங்க எண்டா ஏன் எண்டு கேப்பாங்க. நான் என்ன காரணம் சொல்ல?"

"நீங்க ஒண்டும் சொல்ல வேண்டாம் நானா. நான் சொல்றன்."

போனை வைத்தான். டிலக்ஷி இன்னும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கதிரையில் குந்தி, போன் திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, மேற்பார்வையாளரின் இலக்கத்தைத் தேடி எடுத்தான். மணி அடித்தது. வைத்துவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தான். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"சேர், றிக்சன் கதைக்கிறன். நாளைக்கு மேல ஏற வேற ஆளைப் பாருங்கோ" என்றான். "இல்ல சேர், காய்ச்சல் ஒண்டும் இல்ல. கீழ நிக்கிறவங்கள் என்ர கண்ணுக்குத் தெரியினமில்ல."