காலண்டரில் குளித்த அண்ணாச்சி

இசக்கிப்பாண்டிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தென்காசியில் தையல் மெஷின் மிதித்தது போக, சாரல் காலத்தில் அருவிகளைப் படம் எடுத்துச் சிவகாசிக் காலண்டர்காரர்களுக்கு விற்கலாம் என்றுதான் பெண்டாட்டி பேச்சித்தாயின் கம்மலை விற்றுக் கேமரா வாங்கினான். ஃபிலிம் கழுவ, எதிர்த்த ஸ்டுடியோக்காரர் பரமசிவன் அண்ணாச்சியை விட்டால் ஊரில் வேறு நாதி கிடையாது. "வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சுலே" என்று கையை விரித்தார் அந்த மனுசர். தை பிறந்ததும் பார்த்தால், கெட்டுப்போன அதே ஐந்தருவி கடைக்குக் கடை தொங்குகிறது! கீழே, 'படம்: பரமசிவன்'.

கேட்கப் போனான். "நீ எடுத்தேன்னு எவம்லே சொன்னான்? போ, பாவாடைக்கு நாடா கோரு" என்று நாலு பேர் முன்னால் சிரித்தார்.

அந்த வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டான்.

அண்ணாச்சிக்குச் சனிக்கிழமை தவறாமல் ஐந்தருவியில் எண்ணெய்க் குளியல். ஆடியில் ஒரு சனிக்கிழமை, தொந்தியும் கோவணமுமாக அவர் அருவியடியில் நிற்கையில், கூட்டத்துக்குள் நின்று படம் எடுத்தான். ரோலை அவரிடமே கொண்டு கொடுத்தான்.

"மறுபடி அந்த ஆளுட்டயா? உமக்குக் கூறு இருக்கா?" என்று பேச்சித்தாய் கத்தினாள். அவன் மெஷினை மிதிக்க உட்கார்ந்தான்.

இந்தத் தடவையும் 'கெட்டுப்போச்சு'. நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். ஓரத்தில் சிறுத்து நிற்கும் ஆளைப் பெற்ற தாய்க்கே தெரியாது. ஒரு பிரிண்டு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் காகிதச் செலவுக்கு அழுகிற கஞ்சப் பிசினாரி, நெகட்டிவை அப்படியே சிவகாசிக்கு அனுப்பிவிட்டார்.

மார்கழியில் சிவகாசி ஏஜெண்டு புதுக் காலண்டர்க் கட்டோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். முதலில் பார்த்தது பக்கத்து டீக்கடைக் கூட்டம். "ஏ அண்ணாச்சி, உங்க படத்துல நீங்களே கோவணத்தோட நிக்கியளே!"

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. காலண்டரைச் சுருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டித் தையல்கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏலே எச்சிக்கலப் பயலே! யாரைக் கேட்டுலே என்னையப் படம் எடுத்தே?"

தெருவே கேட்டது. பின்னாலேயே வந்த ஏஜெண்டும் கேட்டார்.

இசக்கிப்பாண்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "நான் எடுத்தேன்னு எவன் சொன்னான்னு கேட்டியளே அண்ணாச்சி? இப்ப நீங்கதான் சொல்லுதிய."

அண்ணாச்சி காலண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஏஜெண்டு அவரைச் சுற்றிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தையல்கடைப் படியேறினார்.